அப்பாவின் டப்பியில் இருக்கும் பழுப்புக் கல் சின்ஹலைட்தானா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தேயிலைக்குள் கான், அதாவது தண்ணீர் வடிகிற வாய்க்கால், வெட்டும்போது உங்கள் அப்பாவுக்குக் கிடைத்த நாலு பழுப்புக் கற்கள் ஒரு சித்தாலேப தைல டப்பிக்குள் இருக்கின்றன. அவர் காலமான பிறகு அதைப் பார்த்த ஒரு வியாபாரி, "இது சின்ஹலைட், போரேட் கனிமம், ரொம்ப அபூர்வம்" என்றாராம். இன்னொருவர் "வெறும் பழுப்புப் பெரிடொட்" என்று தள்ளிவிட்டாராம். இருவரில் யார் சரி, எப்படி நிச்சயப்படுத்துவது, அதே இடத்தில் தேடினால் இன்னும் கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். ஏமாந்துவிடக் கூடாதே என்ற பயமும் கேள்விக்கு அடியில் தெரிகிறது. அந்தப் பயம் நியாயமானது. அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

நான் நோர்வூட் பக்கம் தோட்டக் குடியிருப்பான லயத்தில் பிறந்து, பேராதனையில் புவிச்சரிதவியல் படித்து, இருபத்தேழு வருடமாகக் கல் பரிசோதிப்பதையே தொழிலாகச் செய்கிறவன். அந்த அனுபவத்தில் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: நீங்கள் போட்டிருக்கும் படத்தைப் பார்த்து அது சின்ஹலைட் என்றோ இல்லையென்றோ என்னால் சொல்ல முடியாது. என்னால் மட்டுமல்ல, யாராலும் முடியாது. தேன் நிறத்தில், ஆற்றுத் தண்ணீர் உருட்டி மழுங்கிய ஒரு கல் நம் நாட்டில் கோமேதகமாக இருக்கலாம், சிர்கோனாக, தோரமல்லியாக, கிரிசோபெரிலாக, கோர்னெருபைனாக, பெரிடொட்டாக, சின்ஹலைட்டாகவும் இருக்கலாம். கையில் வாங்கி வெயிலில் ஒரு தரம் பிடித்துப் பார்த்துவிட்டுப் பெயர் சொல்கிறவர் ஊகிக்கிறார். உங்களிடம் வந்த இருவரும் ஊகித்தவர்கள்தான்.

போரேட் என்றால் என்னவென்று தெரிந்துகொண்டால் மீதி சுலபம். நகைப் பட்டறையில் பொடி வைத்துப் பற்றவைக்கும்போது ஆசாரி தூவுவாரே வெங்காரம், அது போரேட். கேரம் பலகையில் காய் வழுக்கிப் போவதற்குத் தூவும் போரிக் பவுடரும் அந்த வழியில் வந்ததுதான். இரண்டிலும் போரான் என்ற மூலகம் ஒக்சிசனோடு சேர்ந்திருக்கிறது. வெங்காரம் மிருதுவானது, தண்ணீரில் கரைவது. வறண்ட நாடுகளில் உப்பு ஏரிகள் வற்றும்போது படிவது. நம் மலையில் பெய்கிற மழைக்கு அது ஒரு நாள் தாங்காது. சின்ஹலைட்டும் போரேட்தான், ஆனால் அது பிறக்கிற இடமே வேறு. மக்னீசியம், அலுமினியம், போரான், ஒக்சிசன் இவ்வளவும் பூமிக்குள் ஆழத்தில், கடும் வெப்பத்தில் இறுகிச் சேர்ந்து உண்டாகும் கல் அது. வைரத்துக்கு 10 என்று வைக்கும் அளவுகோலில் கடினம் 6.5 முதல் 7 வரை. ஆண்டுக்கணக்கில் ஆற்றில் உருண்டாலும் கரையாது, மூலைகள் மழுங்குவதோடு சரி.

இதற்கு மக்னீசியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பதில் உங்கள் தோட்டத்து ஸ்டோரிலேயே மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. மண்ணின் புளிப்பைக் குறைக்கத் தேயிலைக்குப் போடுகிற டொலமைட் தூள், மக்னீசியம் நிறைந்த சுண்ணாம்புக் கல். கண்டி, திகன, மாத்தளைப் பக்கங்களில் அதை உடைத்து அரைக்கிறார்கள். ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்பு, ஏறக்குறைய 60 கோடி வருடங்களுக்கு முன் மலைகள் உருவான காலத்தில் ஆழத்தில் அமுங்கி வெந்து பளிங்காக மாறியது. நம் மலைநாட்டின் அடித்தளமாக இருக்கும் பாறைத் தொகுதி முழுவதுமே அந்தச் சூளையில் வெந்ததுதான். அப்படிப்பட்ட பளிங்கு, பக்கத்துப் பாறையைத் தொடும் விளிம்பில் போரானும் வந்து சேர்ந்து, மணலில் நிறைந்திருக்கும் சிலிக்கா மட்டும் குறைவாக இருந்தால், சின்ஹலைட் உண்டாக வழியிருக்கிறது. சிலிக்கா தாராளமாக இருந்தால் போரான் தோரமல்லி போன்ற கற்களுக்குள் புகுந்துவிடும். போரான் கிடைக்கும், சிலிக்கா கிடைக்காது என்ற அந்தச் சேர்க்கை அபூர்வம். கல் அரிதாக இருப்பதற்குக் காரணமும் அதுவே.

பெரிடொட்டோடு ஏன் இத்தனை குழப்பம்? இரண்டு கற்களுக்கும் உள்ளே ஒரே வீட்டுத் திட்டம், குடியிருப்பவர்கள் வேறு. பெரிடொட்டில் இரண்டு மக்னீசியத்துக்கு ஒரு சிலிக்கன், நான்கு ஒக்சிசன். அதில் ஒரு மக்னீசியத்தை எடுத்துவிட்டு அலுமினியத்தை வையுங்கள், சிலிக்கனை எடுத்துவிட்டுப் போரானை வையுங்கள், சின்ஹலைட் வந்துவிடும். வெளியே போன இரண்டின் மின்னேற்றம் 2 உம் 4 உம், உள்ளே வந்தவை 3 உம் 3 உம். கூட்டினால் இரண்டும் 6. கணக்கு சரியாக நிற்பதால் அமைப்பு குலையவில்லை. அதனால் வெளிச்சத்தை இரண்டாகப் பிரிக்கும் தன்மை, கடினம், பட்டை தீட்டினால் வரும் பளபளப்பு எல்லாம் அண்ணன் தம்பி போல ஒத்திருக்கும். இப்படித்தான் பல காலம் இலங்கையிலிருந்து போன பழுப்புக் கற்கள் உலகமெங்கும் பழுப்புப் பெரிடொட் என்ற பெயரோடு பெட்டிகளில் கிடந்தன. 1952 இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கிளாரிங்புல், ஹே என்ற இருவர் எக்ஸ்ரே கொண்டு ஆராய்ந்து, இது தனிக் கனிமம் என்று நிறுவி, இந்தத் தீவின் பழைய சமஸ்கிருதப் பெயரால் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆகவே உங்கள் கல்லைப் பெரிடொட் என்று சொன்னவரை நான் முட்டாள் என்று சொல்ல மாட்டேன். உலகத்து நிபுணர்களே செய்த தவறுதான் அது.

இனி வீட்டில் செய்யக்கூடியது. முதலில் கல்லை எதிலும் உரசாதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். போரான் இருந்தால் சுவாலை பச்சையாகும் என்று யாராவது சொல்லுவார்கள். வெங்காரத்துக்கு அது சரி. இந்தக் கல்லில் போரான் அப்படி வெளியே வராது, கல்தான் வெடிக்கும். பழைய லப்டொப் திரை ஒன்றும், போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒன்றும் கிடைத்தால் நல்ல சோதனை ஒன்று செய்யலாம். திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, திரை முழுதும் கறுப்பாகத் தெரியும்வரை கண்ணாடியைத் திருப்பிப் பிடியுங்கள். இடையில் ஒரு கண்ணாடிக் கோப்பைத் தண்ணீரில் கல்லைப் போட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு முழுச் சுற்றில் கல் நாலு தரம் ஒளிர்ந்து நாலு தரம் இருண்டால் அது வெளிச்சத்தை இரட்டையாகப் பிரிக்கும் கல். அப்போது கோமேதகமும், ஸ்பைனல் என்ற கல்லும் கழிந்துவிடும். கோமேதகத்தில் சில சமயம் மங்கலான திட்டுகள் தெரியும், அதை ஒளிர்வு என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே திசையில் பார்த்துவிட்டு முடிவு சொல்லவும் வேண்டாம். கல்லைப் புரட்டி மூன்று திசையிலாவது பாருங்கள்.

அடுத்தது அடர்த்தி. கல்லை வெளியில் எடை பார்த்து, பிறகு மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்த்து, முதல் நிறையை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி வரும். சின்ஹலைட்டுக்கு 3.46 இலிருந்து 3.50, பெரிடொட்டுக்கு ஏறக்குறைய 3.34, தோரமல்லிக்கு 3.06 பக்கம், கோர்னெருபைனுக்கு 3.30 பக்கம், கோமேதகத்துக்கு 3.65, கிரிசோபெரிலுக்கு 3.73. இதைப் படித்துவிட்டுக் கடையில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிச் செய்து பார்க்கிறவர்கள் பலர், அங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். உங்கள் கல் 3.5 கேரட், அதாவது 0.70 கிராம் என்று வையுங்கள். சின்ஹலைட்டாக இருந்தால் தண்ணீரில் 0.20 கிராம் குறையும். தராசு 0.01 கிராம் மட்டுமே காட்டுகிறது. வித்தியாசத்தில் ஒரே ஒரு இலக்கம் தவறி 0.21 வந்தால் விடை 3.33, அதாவது அச்சு அசல் பெரிடொட். மறுபக்கம் தவறி 0.19 வந்தால் 3.68, அது கோமேதகம். ஒரே கல், ஒரே தராசு, மூன்று பெயர். 0.001 கிராம் காட்டும் தராசில் அதே ஒரு இலக்கப் பிழை 3.48க்கும் 3.52க்கும் நடுவிலேயே நிற்கும். எனவே அந்தத் தராசு இல்லாமல் அடர்த்தியைப் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள். கல்லில் ஒட்டும் காற்றுக் குமிழும் கணக்கைக் கெடுக்கும். தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, தூரிகையால் கல்லைத் தடவிவிட்டு நிறுங்கள். டப்பியில் உள்ளவற்றில் பெரிய கல்லையே எடுங்கள். கல் பெரிதாக ஆகப் பிழை சிறிதாகும்.

உண்மையான தீர்ப்பு, கல்லுக்குள் வெளிச்சம் எவ்வளவு வளைகிறது என்பதை எண்ணாகக் காட்டும் ஒளிமுறிவுமானியில் கிடைக்கும். அதற்கு மட்டமான, மெருகேற்றிய ஒரு முகம் வேண்டும். உங்களுடையவை உருண்டைக் கற்கள், அதனால் நம்பிக்கையான ஒரு கல் வெட்டுகிறவரிடம் ஒரு கல்லில் மட்டும், அடிப்பக்கத்தில், சின்னதாக ஒரு ஜன்னல் போல மட்டும் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். முழுக் கல்லையும் பட்டை தீட்ட அனுமதிக்காதீர்கள். பெரிடொட் ஏறக்குறைய 1.654 முதல் 1.690 வரை காட்டும். சின்ஹலைட் 1.668 முதல் 1.707 வரை. இரண்டிலும் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளி 0.036, 0.039 என்று ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், இடைவெளியை மட்டும் பார்க்கிறவர் ஏமாறுவார். கல்லைச் சுழற்றும்போது நடுவில் ஒரு மூன்றாவது எண் வரும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிடொட்டில் அது 1.672 பக்கம், இரண்டு முனைகளுக்கும் கிட்டத்தட்ட நடுவில் நிற்கும். சின்ஹலைட்டில் அது 1.698 வரை ஏறி, மேல் முனையை ஒட்டிப் போய்விடும். இரண்டையும் பிரித்துக் காட்டுவதில் இதைவிட நம்பகமான அடையாளத்தை நான் கண்டதில்லை. கோர்னெருபைனும் 1.667 இல்தான் தொடங்கும், ஆனால் 1.680 இலேயே முடிந்துவிடும். சிர்கோனில் பெரும்பாலானவை சாதாரண மானியின் அளவையே தாண்டிப் போகும்.

கல் வழியே வரும் வெளிச்சத்தை வானவில் நிறங்களாகப் பிரித்துக் காட்டும், கையில் பிடிக்கும் நிறமாலைகாட்டியில் நீலப் பகுதியில் கறுப்புக் கோடுகள் தெரியும். பெரிடொட்டுக்கு மூன்று, சின்ஹலைட்டுக்கு அவற்றோடு 463 நனோமீற்றரில் நாலாவது ஒன்று. எழுத்தில் இது அழகாக இருக்கும். நடைமுறையில் அந்த நீலம் இருண்ட பகுதி, பழகாத கண்ணுக்கு அந்தக் கோடு பிடிபடாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு தேன் நிறக் கல்லில் நான் மூன்று கோடுகளைத்தான் பார்த்தேன். பெரிடொட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தும் விட்டேன். ஆறு மாதம் கழித்து அதே கல் வேறொரு காரணத்துக்காக மேசைக்கு வந்தபோது நிறுத்துப் பார்த்தேன், 3.48. ஒரு சோதனையை மட்டும் நம்பியது என் தவறு. கல்லின் சொந்தக்காரரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டுப் புதிய சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் அதற்குள் விற்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு. அன்றிலிருந்து ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று அளவுகள் ஒத்து வராமல் நான் பெயர் எழுதுவதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. நகைக் கடைகளில் தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ரே இயந்திரத்தில் கல்லை வைத்துக் காட்டி, போரான் இருக்கிறது அல்லது இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போரான் மிகவும் இலேசான மூலகம், அந்த இயந்திரத்துக்கு அது தெரியவே தெரியாது. நிச்சயமான எழுத்து வேண்டுமென்றால் கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகார சபையின் ஆய்வுகூடம் இருக்கிறது. லேசர் வெளிச்சம் பாய்ச்சிக் கல்லை அடையாளம் காணும் ராமன் கருவி உள்ள தனியார் ஆய்வுகூடங்களும் கல்லைக் கீறாமல், சில நிமிடத்தில், பெரிடொட்டையும் சின்ஹலைட்டையும் பிரித்துச் சொல்லிவிடும். விற்கிற எண்ணம் இருந்தால் அந்தச் சீட்டு கைக்கு வருமுன் எந்த விலைக்கும் தலையாட்டாதீர்கள். சின்ஹலைட் என்றே வந்தாலும் அதை வாங்குகிறவர்கள் அரிய கல் சேகரிப்பவர்கள்தான். நீலக்கல்லுக்கு நிற்பதுபோல இதற்குச் சந்தையில் ஆள் நிற்க மாட்டார்கள். நிறம், தெளிவு, அளவு மூன்றும் சேர்ந்தால்தான் நல்ல விலை. பெரிய கற்களும் நம் நாட்டிலிருந்து போயிருக்கின்றன. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருப்பது 110 கேரட்டுக்குக் கிட்ட வரும். உங்கள் டப்பியிலுள்ள கல் எந்த விலைக்குப் போகும் என்று பார்க்காமல் நான் சொல்வது முறையில்லை.

இன்னும் தேடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கே சின்ஹலைட் பெரும்பாலும் பாறையோடு கிடைப்பதில்லை. பாறை அரிந்து, மழை அடித்து, பள்ளத்தாக்கில் சேர்ந்த கூழாங்கல் படையில்தான் கிடைக்கிறது. தொழிலாளர்கள் 'இல்லம' என்று சொல்கிற படை அது. கூடையில் அள்ளி ஆற்றுத் தண்ணீரில் சுழற்றிக் கழுவினால் கனமான கற்கள் அடியில் தங்கும். உங்கள் அப்பாவின் கான் அப்படி ஒரு பழைய படையைத் தொட்டிருக்கலாம் என்பது என் ஊகம், நிச்சயமில்லை. ஆனால் ஒன்று நிச்சயம்: 1993 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மாணிக்கம் தோண்டுவது குற்றம், அது சொந்தக் காணியாக இருந்தாலும். தோட்டக் காணி உங்களுடையதும் இல்லை. இரவில் டோர்ச் வெளிச்சத்தில் ஓயா என்கிற சிற்றாற்றின் ஓரத்தைக் குடைந்து மண் சரிந்து புதைந்தவர்களின் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். கரை அரிந்தால் அந்த மண் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் போய்த்தான் படியும், கீழே மரக்கறித் தோட்டம் போட்டவர் வரப்பும் சேர்ந்து போகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆசை இருந்தால் அனுமதியுள்ள குழிக்காரரிடம் பேசி, அவர்கள் கழுவி ஒதுக்கிய கற்குவியலை அலசிப் பார்க்கக் கேளுங்கள். நீலமும் வைடூரியமும் தேடுகிற கண்ணுக்குப் பழுப்புக் கல் பெரும்பாலும் குப்பைதான். அந்தக் குவியலில் அளவுக்கு மீறிக் கனக்கிற கறுப்புக் கனசதுரக் கல் எதையும் கண்டால் மட்டும் சட்டைப் பையில் போடாதீர்கள். அது தோரியனைட்டாக இருக்கலாம், கதிரியக்கம் உள்ளது.

பாறையோடு ஒட்டிய போரான் கனிமம் பார்க்க வேண்டுமென்றால் தேட வேண்டியது பளிங்கின் விளிம்பு. இதில் நமக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். பின்னாளில் கலை வரலாற்றாசிரியராக உலகம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி, அதற்கு முன் இலங்கையின் கனிம ஆய்வுப் பணிக்குத் தலைமை தாங்கிய புவியியலாளர். கண்டி மாவட்டத்துக் கங்காபிட்டியவில் சுண்ணாம்புப் பாறை பக்கத்துப் பாறையைத் தொடும் இடத்தில் கிடைத்த நீலப் பச்சைக் கனிமமொன்றை அவரும் லண்டனைச் சேர்ந்த பிரயரும் 1903 இல் புதியதென்று வெளியிட்டார்கள். தீவின் பழைய அராபியப் பெயரான செரண்டிப்பை வைத்து செரண்டிபைட் என்றார்கள். போரானோடு சிலிக்காவும் கலந்தது அது, அதனால் கண்டிப்பான அர்த்தத்தில் போரேட் அல்ல, ஒன்றுவிட்ட சகோதரம். அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் படுவது, அவர் கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்பதுதான். எந்த ஊர், எந்தப் பாறையை எது தொட்டது என்பதையும் சேர்த்தே எடுத்துப் போனார். அதனால்தான் நூறு வருடத்துக்குப் பிறகும் அந்த இடத்துக்கு ஒருவர் நடந்து போய்ப் பார்க்க முடிகிறது.

உங்கள் டப்பியில் இல்லாதது அந்தத் தகவல்தான். ஆய்வுகூடம் கல்லின் பெயரைச் சொல்லிவிடும், அது எங்கே கிடைத்தது என்பதைச் சொல்லாது. அப்பா இல்லை, ஆனால் அவரோடு கான் வெட்டியவர்களில் யாராவது இன்னும் லயத்தில் இருப்பார்கள், அம்மாவும் கேட்டிருப்பார். எத்தனையாம் நம்பர் மலை, எந்தக் கான், எவ்வளவு ஆழம், தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து முடிந்த வருடமா, கல் சிவப்பு மண்ணிலா வெள்ளை மணலிலா கிடந்தது என்று இந்த வாரமே போய்க் கேளுங்கள். கேட்டதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதி, சொன்னவர் பெயரையும் திகதியையும் போட்டு, டப்பிக்குள் கற்களோடு மடித்து வையுங்கள். பெரிய கல்லில் ஜன்னல் தேய்த்து மூன்று எண்களும் கிடைத்தவுடன் எனக்கு எழுதுங்கள். நடு எண் எத்தனை என்பதை மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.